குரூசர் மோட்டார் சைக்கிளைத் தெரிவு செய்தல்: திருகோணமலையிலிருந்து வாங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட குரூசர் வகை மோட்டார் சைக்கிளை முதன்முறையாக வாங்க எண்ணுகிறவருக்காக இதை எழுதுகிறேன். எனக்கென்று இரண்டு குரூசர்களை வாங்கி ஓட்டியிருக்கிறேன். உறவினரும் அயலவருமாகப் பலருக்கு வண்டி பார்க்கக் கூடவும் போயிருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்களை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் வரிசை பிழைத்ததே காரணமாக இருந்திருக்கிறது. முதலில் படத்தைப் பார்த்து வண்டியைத் தீர்மானிக்கிறார்கள். அடுத்து லீசிங் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். முற்பணம் கட்டிய பிறகுதான் இருக்கையில் ஏறி உட்காருகிறார்கள். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி முதற்பழுது வந்த அன்றுதான் எழுகிறது.

இங்கே அந்த வரிசை மாற்றப்பட்டிருக்கிறது. முதலில் உங்கள் பயணம், பிறகு உங்கள் உடல், பிறகு வீதி, உதிரிப்பாகம், பணம் என்று போய், வண்டியைத் தெரிவு செய்வது எட்டாவது படியில்தான் வருகிறது. அதுவரை எந்த விற்பனை நிலையத்துக்கும் போகாமல் இருப்பது நல்லது. பளபளக்கும் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு நிதானமாகக் கணக்குப் பார்ப்பது எவருக்கும் கடினம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஏ1 வகுப்பு மட்டும் இருந்தால், அது 100 கன சென்ரிமீற்றர் (சீசீ) வரையான இலகு மோட்டார் சைக்கிள்களுக்கே செல்லும். குரூசர்கள் அனைத்தும் அதற்கு மேற்பட்டவை என்பதால் ஏ வகுப்பு வேண்டும். வகுப்பில்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே போதுமான காரணமாகிவிடும்.

அளவுநாடா ஒன்று, ஒரு குறிப்புப் புத்தகம், வண்டிக்கென்று ஒதுக்கக்கூடிய மொத்தப் பணம் எவ்வளவு என்ற ஒற்றை எண் ஆகியவையும் வேண்டும். அந்த எண்ணை இப்போதே எழுதிவிடுங்கள். பின்னால் எழுதினால், பிடித்த வண்டியின் விலைக்கு ஏற்ப அது வளர்ந்துவிடும்.

நீங்கள் நம்பும் மெக்கானிக் ஒருவரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வண்டி பார்க்கப் போகும் நாளில் திடீரென்று அழைத்தால், அவரால் வர முடியாமற்போகும். நீங்களோ தனியாகவே போய்விடுவீர்கள்.

2. இரண்டு வாரம் உங்கள் ஓட்டத்தைக் குறித்து வைத்தல்

இப்போது எந்த வண்டி இருக்கிறதோ, அதில் போகும் ஒவ்வொரு பயணத்தையும் இரண்டு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீற்றர், பின்னால் யார் இருந்தார், என்ன சுமை இருந்தது என்ற நான்கும் போதும்.

குரூசர் நேர்வீதியில் நீண்ட நேரம் சீரான வேகத்தில் போவதற்காக அமைக்கப்பட்டது. இரு சில்லுகளுக்கும் இடைப்பட்ட நீளம் கூடுதலாகவும், முன் ஃபோர்க் முன்னோக்கிச் சாய்ந்தும் இருப்பதால் நேராகப் போகையில் வண்டி உறுதியாக நிற்கும். அதே காரணத்தால், குறுகிய இடத்தில் திருப்புவதற்கு அதிக இடம் தேவைப்படும். உவர்மலைக்கு ஏறி இறங்குவதும், சந்தையடி நெரிசலில் முச்சக்கரவண்டிகளுக்கு இடையே நுழைவதும், பாடசாலை வாசலில் வண்டியைத் திருப்புவதும் மட்டுமே உங்கள் நாளாந்த வேலை என்றால், குரூசரின் நல்ல குணம் உங்களுக்குப் பயன்படாது. அதன் சிரமம் மட்டுமே கையில் சேரும்.

மாறாக, நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரை அடிக்கடி போகிறவருக்கும், ஏ6 வீதியில் கந்தளாய், ஹபரணை வழியாக மாதம் ஒரு தடவையாவது செல்பவருக்கும், கிண்ணியா, மூதூர் ஊடாக ஏ15 வீதியில் மட்டக்களப்புக்குப் போகிறவருக்கும் இந்த வகை வண்டி உண்மையில் உதவும். என் கணிப்பில், மாத ஓட்டத்தின் பாதியாவது நகருக்கு வெளியே இருந்தால்தான் குரூசரைப் பற்றி மேலே யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே, மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்திலும் அமைதியாக ஓடும் பெரிய இயந்திரம் என்று சொல்லி விற்கப்படும் வண்டியின் அந்தத் திறமையை நீங்கள் சட்டப்படி பயன்படுத்த ஓரிடமும் கிடையாது. மணிக்கு 60 முதல் 70 கிலோமீற்றர் வரை களைப்பின்றிப் போவதே நமக்கு வேண்டியது.

3. உடலளவு

அதிகம் பேர் தவறவிடும் படி இதுதான். ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

வெறுங்காலுடன் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேல்வரை உயர்த்தி, அதன் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து நிலம் வரை அளவிடுங்கள். இதுவே உங்கள் உட்கால் நீளம். அதனுடன் வழக்கமாக அணியும் சப்பாத்தின் அடித்தடிப்பையும் கூட்டுங்கள். இந்த எண், வண்டியின் இருக்கை உயரத்தைவிட 30 மில்லிமீற்றராவது கூடுதலாக இருந்தால், இரு பாதமும் நிலத்தில் முழுதாகப் படியும் என்று பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். இருக்கை அகலமானால் தொடை விரிந்து அந்த நீளத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்பதால், ஏறி உட்கார்ந்து பார்த்தே இறுதி முடிவு எடுக்க வேண்டும்.

ஒப்பிடுவதற்குச் சில எண்கள்: பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸின் இருக்கை உயரம் 737 மில்லிமீற்றர், ரோயல் என்பீல்ட் மீற்றியோர் 350இன் உயரம் 765, ஹொண்டா ரெபெல் 690, கவசாகி வல்கன் எஸ் 705. ரோயல் என்பீல்ட் கிளாசிக் 350ஐயும் பலர் இந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பேசுகிறார்கள். அதன் இருக்கையோ 805 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. தோற்றத்தில் பழைமையான வண்டி எல்லாம் குரூசர் ஆகிவிடாது. உயரம் குறைந்தவர் மீற்றியோரையும் கிளாசிக்கையும் ஒன்றாக எண்ணி விலையை மட்டும் ஒப்பிடுவது பெரிய தவறு.

உயரத்துக்கு அடுத்தது எடை. அவெஞ்சர் 220 சுமார் 163 கிலோகிராம், மீற்றியோர் 191, வல்கன் எஸ் 230ஐ ஒட்டியது. ஓடும்போது இந்த எடை தெரியாது. நிறுத்தும்போதும் தள்ளும்போதும்தான் தெரியும். என் மைத்துனர் ஒருவர் 100 சீசீ வண்டியிலிருந்து நேரடியாக 190 கிலோ வண்டிக்கு மாறினார். மூன்றாம் நாள், உவர்மலைச் சரிவில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது, பள்ளப் பக்கக் காலை ஊன்றினார். கால் எதிர்பார்த்த இடத்தில் நிலம் இல்லை. வண்டி சாயத் தொடங்கியதும் அவரால் பிடிக்க முடியவில்லை. வேகம் பூச்சியம், ஆனாலும் கணுக்கால் சுளுக்கி ஒரு மாதம் வீட்டில் இருந்தார். அவருடைய உடற்பலத்தில் குறை ஏதும் இல்லை. ஒரு பாதத்தின் நுனி மட்டும் படும் நிலையில், சரிவில், அந்த எடையை யாராலும் தாங்குவது கடினம்.

ஆகவே பின்னர் வண்டி பார்க்கப் போகும்போது, ஏறி உட்கார்ந்தவுடன் செய்ய வேண்டிய சோதனை நான்கு. இயந்திரம் அணைந்த நிலையில், இருக்கையில் அமர்ந்தபடியே காலால் உந்தி வண்டியைப் பின்னோக்கி நகர்த்துங்கள். பிறகு இறங்கி, பக்கத் தாங்கியிலிருந்து நிமிர்த்தி எட்டடி தள்ளுங்கள். பின்பு ஹாண்டிலை இடமும் வலமும் முழுவதும் திருப்புங்கள். வெளிப்பக்கக் கை முழுதாக நீண்டு தோள் முன்னே இழுபட்டால், அந்த ஹாண்டில் உங்களுக்குத் தூரமானது. கடைசியாக, கால்மிதியில் காலை வைத்துப் பத்து நிமிடம் அப்படியே உட்காருங்கள். கால்கள் முன்னே நீண்டிருக்கையில் உடலின் முழுப் பாரமும் வாலெலும்பில் இறங்கும். பள்ளத்தில் விழும்போது கால்மிதியில் ஊன்றி எழும்பவும் முடியாது. முதுகுவலி உள்ளவர்கள் இதைக் கடைக்காரரின் அவசரத்துக்காகக் குறைக்கவே கூடாது. வல்கன் எஸ் போன்ற சிலவற்றில் கால்மிதியை முன்பின்னாக மூன்று நிலைகளில் மாற்றலாம். மற்றவற்றில் உள்ளது உள்ளபடிதான்.

பின்னால் அமர்பவரையும் அழைத்துப் போங்கள். குரூசர்களின் பின்னிருக்கை பெரும்பாலும் சிறியது, பின்பக்க ஷொக்கின் அசைவும் குறைவு. மனைவியோ தாயாரோ அரை மணிநேரம் உட்கார முடியாத வண்டியில் வெருகலுக்கோ கோணேசர் கோயிலுக்கோ குடும்பமாகப் போகும் எண்ணம் நிறைவேறாது. முதுகுச்சாய்வு ஒன்றைப் பொருத்த இடம் இருக்கிறதா என்பதையும் அவர்களே பார்க்கட்டும்.

4. நம் வீதிகள் கேட்கும் மூன்று விடயங்கள்

முதலாவது, நிலத்திலிருந்து உள்ள இடைவெளி. ஏ6 வீதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் உட்கிராமத்து ஒழுங்கைகளிலும் கடற்கரைக்கு இறங்கும் கிரவல் பாதைகளிலும் வேகத்தடைகளிலும் நீண்ட வண்டியின் வயிறு தட்டும். ஒரே இடைவெளி இருந்தாலும், சில்லுகள் ஒன்றுக்கொன்று தூரமாக உள்ள வண்டிதான் முதலில் தட்டும். மீற்றியோர், அவெஞ்சர் ஆகியவற்றில் இந்த இடைவெளி ஏறத்தாழ 170 மில்லிமீற்றர். வல்கன் எஸ்ஸில் 130தான். பின்னால் ஒருவரை ஏற்றியபோது இது மேலும் குறையும் என்பதால், சோதனையை இருவராகச் செய்யுங்கள்.

இரண்டாவது, டயர். ட்யூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும். பலநேரங்களில் அடுத்த ஊர் வரை போய்விடலாம். கம்பிச் சில்லில் ட்யூப் உள்ளதாயின் காற்று உடனே போய்விடும். குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையே வீடுகள் அருகிய பகுதியில் 190 கிலோ வண்டியைத் தள்ளுவதை எண்ணிப் பார்த்தால், கம்பிச் சில்லின் அழகுக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது விளங்கும்.

மூன்றாவது, பிரேக்கும் வெளிச்சமும். மாரி காலத்தில், குறிப்பாக நவம்பர் முதல் ஜனவரி வரை, வீதியோரத்து மணல் தார்மேல் அடித்து வரப்பட்டிருக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டி அப்படிப்பட்ட இடத்தில் சில்லு இறுகிச் சறுக்குவதைக் குறைக்கும். அவெஞ்சரின் பழைய வண்டிகளில் அது இல்லை. பின்னர் வந்தவற்றில் முன்சில்லுக்கு மட்டும் உண்டு. மீற்றியோரில் இரு சில்லுக்கும் உண்டு. வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கந்தளாயைத் தாண்டி அக்போபுர, கல்ஓயாச் சந்தி, ஹபரணை வழியே யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி இருக்கிறது. கருமையான யானை கருமையான காட்டோரத்தில் நிற்பது மங்கலான விளக்கில் தெரியாது. விளக்கு நன்றாக இருந்தாலும், அந்தப் பகுதியைப் பொழுது சாயுமுன் கடந்துவிடும்படி பயணத்தைத் திட்டமிடுவதே சரி.

5. இயந்திரத்தின் அளவு

சீசீ கூடக் கூட வண்டி சிறந்தது என்று எண்ண வேண்டாம். குரூசரில் பார்க்க வேண்டியது, இயந்திரம் குறைந்த வேகத்தில் சுழலும்போதே கிடைக்கும் முறுக்குவிசை, அதாவது வண்டியை இழுக்கும் பலம். மீற்றியோர் 350இல் 27 நியூட்டன் மீற்றர் நிமிடத்துக்கு 4000 சுழற்சியிலேயே வருகிறது. அவெஞ்சர் 220இல் 17.5 நியூட்டன் மீற்றர் அளவிலான விசை 7000 சுழற்சியில் வருகிறது. இருவர் ஏறி மேட்டில் போகும்போது, முதலாவதில் கியரைக் குறைக்காமலே இழுக்கலாம். இரண்டாவதில் ஒரு கியர் கீழே இறங்க வேண்டியிருக்கும். எடை 28 கிலோ குறைவாக இருப்பதால் இரண்டாவது நகருக்குள் இலகுவாக இருக்கும்.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், காற்றினால் மட்டுமே குளிரும் 400 சீசீ இரட்டைச் சிலிண்டர் வண்டி நெரிசலில் நின்றால், பின்சிலிண்டரின் சூடு தொடையில் ஏறும். என் முதல் குரூசர் அப்படிப்பட்டது. பகல் இரண்டு மணிக்கு அனுராதபுரச் சந்தியில் நிற்பது எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது. நகருக்குள் அன்றாடம் ஓட்டுகிறவருக்கு 150 முதல் 350 சீசீ வரையான ஒற்றைச் சிலிண்டர் போதும்.

6. உதிரிப்பாகத்துக்கு நான்கு தொலைபேசி அழைப்புகள்

ஒரு மொடல் மனதில் வந்துவிட்டால், விலை கேட்குமுன் நான்கு பொருள்களுக்கு விலை கேளுங்கள்: பின்டயர், கிளச் தட்டுத் தொகுதி, முன்பிரேக் பாட், கிளச் கேபிள். திருகோணமலையில் இரண்டு கடை, கொழும்பில் இரண்டு கடை. ஒவ்வொன்றும் கையிருப்பில் உள்ளதா, இல்லையேல் எத்தனை நாளில் வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த நான்கையும் நான் காரணத்தோடுதான் தெரிவு செய்தேன். டயரும் பிரேக் பாட்டும் கட்டாயம் தேய்பவை. கிளச் தட்டு நகர நெரிசலில் சீக்கிரம் தேய்வது. கேபிள் அறுந்தால் அந்த இடத்திலேயே பயணம் நிற்கும். இவை நான்கும் எளிதில் கிடைக்கும் வண்டிக்கு மற்றவையும் பெரும்பாலும் கிடைக்கும்.

குரூசர்களின் டயர் அளவு மற்ற வண்டிகளுடையதைப் போன்றதல்ல. அவெஞ்சர் 220இன் பின்டயர் 130/90-15, மீற்றியோரில் 140/70-17, யமஹா ட்ராக்ஸ்டார் 400இல் 170/80-15. கடைசியாகச் சொன்ன அளவை நான் நேரடியாக அனுபவித்தேன். வாங்கிய நான்காம் மாதம் டயர் வெடிப்புக் கண்டது. ஊரில் ஒரு கடையிலும் இல்லை. கொழும்பில் சொல்லி வைத்துக் கைக்கு வர ஐந்து வாரம் எடுத்தது. அந்த ஐந்து வாரமும் வண்டி விறாந்தையில் நின்றது. நான்கு தொலைபேசி அழைப்புக்கு அன்று அரை மணிநேரம் செலவிட்டிருந்தால், வாங்கும் விலையிலேயே புது டயரின் பணத்தைக் கழிக்கக் கேட்டிருப்பேன்.

அருகிலுள்ள சேர்விஸ் நிலையம் எவ்வளவு தூரம் என்பதும் இதில் சேரும். உத்தரவாதம் நிலைக்க வேண்டுமானால் முகவரின் நிலையத்திலேயே சேர்விஸ் செய்ய வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம். அந்த நிலையம் வேறு மாவட்டத்தில் இருந்தால், ஒவ்வொரு சேர்விஸுக்கும் ஒரு நாள் சம்பளமும் பெற்றோலும் கணக்கில் ஏற வேண்டும்.

7. முழுச்செலவைக் கணக்கிடுதல்

வண்டியின் விலை மட்டும் செலவு ஆகாது. ஒரு தாளை எடுத்து, ஒரு பக்கத்தில் ஒரே தடவை வரும் செலவுகளையும், மறுபக்கத்தில் ஆண்டுதோறும் வரும் செலவுகளையும் எழுதுங்கள். முதற்பக்கத்தில் விலை, பெயர் மாற்றக் கட்டணம், நல்ல தலைக்கவசம் இரண்டு, மழையங்கி, பழைய வண்டியாயின் உடனே மாற்ற வேண்டிய டயர், பற்றரி, செயின் தொகுதி. மறுபக்கத்தில் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான உத்தரவுப்பத்திரம், சேர்விஸ், பெற்றோல்.

பெற்றோலை இப்படிக் கணக்கிடலாம். மாதம் 600 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு, லீற்றருக்கு 60 ஓடும் சிறிய வண்டியில் 10 லீற்றர் போதும். லீற்றருக்கு 35 ஓடும் குரூசரில் 17 லீற்றர் வேண்டும். 7 லீற்றர் வித்தியாசத்தை அன்றைய விலையால் பெருக்கினால் மாதாந்த மேலதிகச் செலவு தெரியும். 2022இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிடப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. அத்தகைய நிலை மீண்டும் வந்தால் வேலைக்குப் போய்வர முடியுமா என்று பார்ப்பது மிகையான முன்னெச்சரிக்கை ஆகாது.

லீசிங் எடுப்பவர் மாதத் தவணையை மட்டும் பார்க்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் ரூபா வண்டிக்கு 3 இலட்சம் முற்பணம் கட்டி, மாதம் 22,000 வீதம் 48 மாதம் கட்டினால், தவணைகள் மட்டும் 1,056,000 ரூபா, முற்பணத்தோடு 1,356,000. இந்த இறுதி எண்ணைத்தான், முதற்படியில் எழுதிய ஒற்றை எண்ணோடு ஒப்பிட வேண்டும். தவணை முடியும்வரை நிறுவனமே பதிவில் முழு உரிமையாளராக இருக்கும்; முழுக் காப்புறுதியும் கேட்பார்கள். இடையில் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதல் ஆறு மாதத்துப் பழுதுகளுக்கென்று தனியாக வையுங்கள். அதைத் தொடாமல் வாங்க முடியாத வண்டி உங்கள் வசதிக்கு மேற்பட்டது.

8. இப்போது மொடல்களைப் பார்த்தல்

மேற்சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கும். குட்டையானவர், சிக்கனம் வேண்டுபவர், பாதி நகரமும் பாதி வெளியூருமாக ஓடுகிறவர் ஆகியோருக்கு அவெஞ்சர்தான் என் முதல் பரிந்துரை. 13 லீற்றர் டாங்கியில், லீற்றருக்கு 35 என்று கொண்டாலும், 450 கிலோமீற்றர் வரை போகலாம். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர்தான். பெரும்பாலும் வெளியூர் ஓட்டம், இருவர் பயணம், முழு ஏபிஎஸ் வேண்டும் என்பவருக்கும், அந்த விலை கைக்கு எட்டுகிறவருக்கும் மீற்றியோர் பொருந்தும்.

யமஹா விராகோ 250, ட்ராக்ஸ்டார் 400, ஹொண்டா ஸ்டீட் 400 போன்ற பழைய ஜப்பானிய வண்டிகள் அழகானவை, உறுதியானவை. ட்ராக்ஸ்டாரில் செயின் இல்லை, சுழல்தண்டு ஓட்டம்; உப்புக்காற்றுள்ள ஊருக்கு அது மிக நல்லது. ஆயினும், அன்றாடம் வேலைக்குப் போக வேறொரு வண்டி வீட்டில் இல்லாதவருக்கு நான் இவற்றைச் சொல்ல மாட்டேன். பாகம் வரும்வரை காத்திருக்கக்கூடியவருக்கே இவை உரியவை.

9. பழைய வண்டியைச் சோதித்தல்

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் விற்பனைக்கு வரும் பழைய குரூசர்களில் பெரும்பகுதி 2020க்கு முந்தியவை. ஓட்டம் குறைவாக இருந்தாலும் இறப்பர் வயதாகியிருக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். எவ்வளவு பள்ளம் எஞ்சியிருந்தாலும், அத்தகைய டயரின் விலையை வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சோதனையும் கட்டாயம். கடற்காற்றின் உப்பு குரோமின் அடியில் கறளை வளர்க்கும். பளபளப்பான மேற்பரப்பைப் பார்க்காமல், சைலன்சரின் அடிப்பக்கம், கம்பிச் சில்லின் முடிச்சுகள், டாங்கி மூடியின் உட்புறம், முன் ஃபோர்க்கின் மேல்தண்டு, பற்றரிப் பெட்டியின் அடி ஆகியவற்றை விளக்கடித்துப் பாருங்கள். முன் ஃபோர்க் தண்டில் சிறு கறட்புள்ளி இருந்தால், அது ஒயில் கசிவைத் தடுக்கும் இறப்பர் வளையத்தை (ஒயில் சீல்) கிழித்துக்கொண்டே இருக்கும். அந்த வளையத்தை மட்டும் மாற்றுவது பயனற்றது. டாங்கிக்குள் கறள் இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

பத்திரங்களில் அவசரம் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வண்டி 250 சீசீயாக இருக்க, புத்தகம் வேறொரு சிறிய வண்டியுடையதாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். நிறமும் சீசீயும் மொடலும் கூடப் பொருந்த வேண்டும். லீசிங் முடிந்திருந்தால் நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இருக்க வேண்டும். கையொப்பமிட்ட வெறும் படிவத்தோடு, பல கைமாறி வரும் வண்டியை, அதாவது ஓபன் பேப்பர் என்று சொல்லப்படுவதை, எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். புத்தகத்தில் பெயருள்ள உரிமையாளரே நேரில் வந்து கையொப்பமிட்டால்தான், பெயர் மாற்றத்தின்போது கையொப்பம் பற்றிய சிக்கல் எழாது.

10. ஓடிப் பார்க்கும் ஒழுங்கு

இயந்திரம் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே போங்கள். நீங்கள் வருமுன் இயக்கி வைக்க வேண்டாம் என்று முன்னரே சொல்லுங்கள். போனவுடன் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்நிலையில் வரும் தட்டல் ஓசையோ நீலப்புகையோ மறைக்கப்பட்டிருக்கலாம்.

பிறகு, மெதுவான ஓட்டம் முதலில். ஒரு வெறும் மைதானத்தில் முழுவட்டமாக இரண்டு தடவை திருப்புங்கள். அது இயலாவிட்டால், நெடுஞ்சாலைக்குப் போய்ப் பார்ப்பதில் பயனில்லை. அடுத்து ஒரு மேட்டில் நிறுத்திப் புறப்படுங்கள். மூன்றாவதாக, பின்னால் ஆளோடு வேகத்தடை ஒன்றைக் கடந்து பாருங்கள். கடைசியில்தான் நேர்வீதி. மணிக்கு 60இல் ஹாண்டில் நடுங்குகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். கச்சான் காலமாயின் கிண்ணியாப் பாலத்தின் மேல் ஒரு தடவை போய்வந்தால், திறந்த வெளியில் பக்கக்காற்றுக்கு வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

குறைந்தது அரை மணிநேரம் ஓடித் திரும்பியதும், உடனே விலை பேசாமல் வண்டியைப் பத்து நிமிடம் நிற்க விடுங்கள். அடியில் ஒயில் துளி விழுகிறதா, சூடான நிலையில் முதல் அழுத்திலேயே இயங்குகிறதா என்பவை அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியும்.

11. வாங்கிய முதல் மாதம்

பெயர் மாற்றத்தை அந்த வாரத்திலேயே தொடங்குங்கள். பழைய வண்டியாயின் இயந்திர ஒயில், பிரேக் திரவம், காற்று வடிகட்டி மூன்றையும், முன்னவர் என்ன சொல்லியிருந்தாலும், மாற்றிவிடுங்கள். அன்றிலிருந்து உங்கள் கணக்கு தெளிவாகத் தொடங்கும்.

முதல் 500 கிலோமீற்றர் வரை பின்னால் ஆளை ஏற்ற வேண்டாம். பாதம் முன்னே இருப்பதால், அவசரத்தில் பின்பிரேக்கைத் தேடும் கால் பழைய இடத்துக்கே போகும். அந்தப் பழக்கம் மாறக் கொஞ்ச நாளெடுக்கும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போய்வந்த ஒவ்வொரு தடவையும், இரவே நன்னீரால் கழுவித் துடையுங்கள், காலைவரை விடாதீர்கள். செயின் உள்ள வண்டியாயின் 500 கிலோமீற்றருக்கு ஒரு தடவையும், மாரி காலத்தில் மழையில் நனைந்த ஒவ்வொரு தடவையும் துடைத்து ஒயில் இடுங்கள். வண்டியை மூடி வைப்பதாயின் காற்றுப் புகும் துணியால் மூடுங்கள். பிளாஸ்ரிக் விரிப்பு ஈரத்தை உள்ளேயே தேக்கி, கறளை விரைவுபடுத்தும்.